கேட்காம ஊத்தின ஸ்பிரிட்

பழவேற்காட்டுல எங்க தாத்தா ஒரு காலத்துல மைக் செட் வச்சிருந்தார். கல்யாணம், திருவிழான்னா குழாய் ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போடுவார். அந்தத் தட்டுகள் எல்லாம் பரண்ல தூசியோட கிடந்தன. போன லீவுல கழுவ உட்கார்ந்தேன்.

முதல்ல போர் தண்ணி. ஏரிக்கரை ஊராச்சே, தண்ணியே உப்பு! காய்ஞ்சதும் வரிப்பள்ளங்கள்ல வெள்ளையா படிஞ்சிடுச்சு. முள்ளை வச்சா பொரி பொரியுற சத்தம். அப்புறம் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு கலந்து, மெல்லிய துணியால பள்ளம் போற போக்குலயே வட்டமா துடைச்சேன். லேபிள் மட்டும் நனையக் கூடாது. எல்பி எல்லாம் பளிச்.

தைரியம் வந்துடுச்சு. 78 ஆர்பிஎம் தட்டு ஒண்ணுல கறை போகல. ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊத்தினேன். துணி கறுப்பாச்சு. அழுக்குன்னு நினைச்சேன், கரைஞ்சது தட்டு. எல்பி வினைல், அதாவது பிவிசி. பழைய 78 பெரும்பாலும் அரக்கு. கதவுக்கு அடிக்கிற பிரெஞ்சு பாலிஷே அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சதுதான். இதெல்லாம் அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

தாத்தா திட்டல. "உங்க ஆயாவ கட்டிக்கிட்டப்போ போட்ட தட்டுடா அது"ன்னார், அவ்வளவுதான்.

இப்போ எந்தத் தட்டை எடுத்தாலும் முதல்ல அவர் கையில கொடுக்கிறேன். எடையை வச்சே சொல்லிடுறார்: "இது பிளாஸ்டிக்கு, கழுவு. இது அரக்கு, துணியால துடைச்சு வை."