கைத்திறனும் துளைநாடாவும்

மரத்தில் தவாளிப்பு வெட்டவும், விளிம்புக்கு வளைவு கொடுக்கவும், எழுத்தும் பூவேலையும் குடையவும் உதவும் 'ரவுட்டர்' என்னும் மின்கருவி தச்சர்க்குப் பழக்கமானது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் சிறிய வெட்டலகொன்றே அதன் உயிர். அதனைக் கையாற் பிடித்து நடத்தாது, நெடுக்கும் குறுக்கும் மேலும் கீழுமாக நகரவல்ல சட்டகமொன்றிற் பொருத்திக் கணினியின் கட்டளைப்படி ஓடவிட்டால், அது எண்வழிக் கட்டுப்பாட்டுப் பொறியாகிவிடுகின்றது. இப்பொறியை விலைக்கு வாங்காது, வீட்டுக் கொட்டிலிலே தம் கையாற் கட்டிக்கொள்வோர் இன்று பல நாடுகளிலும் உளர். வெறும் பொழுதுபோக்கென இதனை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. இப்பொறி எதற்காகப் பிறந்தது என்பதை அறிந்தோர்க்கு, அது வீட்டுக் கொட்டிலை வந்தடைந்தமை வியப்பையே தரும்.

1940களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகொப்ரர் விசிறியலகுகளைச் செய்துவந்த ஜோன் பார்சன்ஸ், அவற்றின் வளைவிலுள்ள புள்ளிகளைத் துளையட்டைக் கணிப்புப் பொறிகளாற் கணித்து, அவ்வெண்களின்படி உலோகத்தை வெட்டும் வழியைக் கண்டார். 1949இல் அமெரிக்க விமானப்படை இம்முயற்சிக்குப் பொருளுதவி செய்தது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர் 1952இல், துளையிட்ட கடதாசி நாடாவின் கட்டளைக்கு இயங்கும் முதற் பொறியை உலகுக்குக் காட்டினர்.

வேறொரு வழியும் அன்று இருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒருவன் முதற் பொருளைத் தன் கையாற் செய்ய, அவனது அசைவுகளைக் காந்தநாடாவிற் பதிந்து, பின்னர் அந்நாடாவைக் கொண்டே பொறியை இயக்குவது அவ்வழி. அதில் அறிவின் ஊற்று தொழிலாளியாகவே இருந்தான். எண்வழிமுறையிலோ வரைபடத்தை எண்களாக்குவோர் அலுவலகத்தில் இருந்தனர். பட்டறையில் நின்றவனுக்கு நாடாவை ஏற்றி இறக்கும் வேலையே எஞ்சியது. 1984இல் வெளிவந்த தமது நூலில் வரலாற்றாசிரியர் டேவிட் நோபல், இரண்டாம் வழி வென்றமைக்குத் தொழில்நுட்பச் சிறப்பு மட்டும் காரணமன்று, தொழிலாளியின் கையிலிருந்து அறிவைப் பறித்து நிருவாகத்தின் கையிற் சேர்க்கும் விருப்பமும் காரணம் என வாதிட்டார். அவ்வாதத்தில் உண்மை பெரிதும் உண்டு. ஆயினும் எத்தேர்ந்த கையும் ஓட்டிக்காட்ட இயலாத வளைவுகளை விமானத் தொழில் வேண்டி நின்றதென்பதையும் மறத்தலாகாது.

இலக்கியம் இதனை முன்னரே கண்டுகொண்டது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திற் பணியாற்றி விலகிய கேட் வொனகற், 1952இலேயே 'பிளேயர் பியானோ' என்னும் நாவலை வெளியிட்டார். அதில் கடைசல் தொழிலாளி ஒருவனின் கையசைவுகள் நாடாவிற் பதியப்படுகின்றன; அதன்பின் அவன் வேண்டப்படுவதில்லை. பதிவுமுறையிற்கூடத் தொழிலாளிக்குப் பாதுகாப்பில்லை என்பதை நாவலாசிரியர், நோபலுக்கு முப்பதாண்டுகள் முன்பே உணர்ந்திருந்தார் போலும்!

இனி, அப்பொறி கொட்டிலுக்கு வந்த வழி. 1990களில் அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனம் உருவாக்கிய கட்டுப்பாட்டு மென்பொருள் பொதுவுடைமையாக விடப்பட்டுப் பின்னர் 'லினக்ஸ்சிஎன்சி' ஆக வளர்ந்தது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் 'ஆர்டுயினோ' என்னும் மலிவான மின்சுற்றுப் பலகை தோன்றியது. 2009இல் நோர்வே நாட்டவரான சிமன் ஸ்வாலெ ஸ்கொக்ஸ்ருட், அச்சிறு பலகையிலேயே ஓடும் 'ஜீஆர்பிஎல்' மென்பொருளை எழுதி எவரும் எடுத்துக்கொள்ள விட்டார். விமானப்படையின் பொருளுதவியால் உருவான கலை இங்ஙனம் யாவர்க்கும் உரியதாயிற்று.

ஆனால் மென்பொருள் பொறியாகாது. கட்டுபவர் முதலிற் சந்திப்பது செங்கோணத்தை. 800 மில்லிமீற்றர் நீளமும் 600 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட சட்டகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் 1000 மில்லிமீற்றராக இருத்தல் வேண்டும். ஒன்று நீண்டு மற்றது குறுகின், பொறி வெட்டும் சதுரமெல்லாம் சரிந்தே பிறக்கும். அடுத்தது விறைப்பு. வெட்டலகைச் சுமக்கும் பாலத்தின் தூண்கள் உயர உயர, அவை வளையும் அளவு உயரத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். இருமடங்கு உயரமான தூண் எண்மடங்கு வளையும். கனத்த மரப்பொருள்களையும் வெட்டும் ஆசையால் பாலத்தை உயர்த்திக் கட்டியவரின் பொறி, மெல்லிய பலகையிலும் அதிர்ந்ததிர்ந்தே ஓடும்.

மூன்றாவது தளர்வு. திருகுத்தண்டுக்கும் அதில் ஓடும் நட்டுக்கும் இடையே மயிரிழைத் தளர்வு இருப்பினும், பொறி திசை மாறும் கணத்தில் தண்டு சுழலும், பாலம் அசையாது. வட்டமொன்றை வெட்டச் செய்தால் இக்குறை வெளிப்பட்டுவிடும்: திசை மாறும் நான்கு இடங்களிலும் வட்டம் தட்டையாகும். கணினித் திரையில் அவ்வட்டம் பழுதற்றதாகவே தோன்றும். மரத்தைத் தடவிப் பார்க்கும் விரலுக்கே உண்மை தெரியும்.

வேகத்தைத் தீர்மானிப்பதும் இத்தகையதே. நிமிடத்துக்கு 18000 முறை சுழலும், இரு வெட்டுவாய்கள் கொண்ட அலகு, ஒவ்வொரு வாய்க்கும் 0.1 மில்லிமீற்றர் சீவலை எடுக்கவேண்டுமாயின், நிமிடத்துக்கு 3600 மில்லிமீற்றர் நகரவேண்டும். மெதுவாக ஓட்டுவதே பாதுகாப்பென்று புதியவர் எண்ணுவார். மெதுவாக நகரும் அலகு சீவாது உராயும், மரம் கருகும், அலகு சூடேறி மழுங்கும். சீவல் பறந்தால் சூடும் அதனுடன் பறக்கும். மாவுபோன்ற தூள் விழுந்தால் ஏதோ பிழை. அத்தூள் நெஞ்சுக்கும் கேடு. மரத்தூளைப் புற்றுநோய் விளைப்பவற்றுள் ஒன்றாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. சில கிழமைகள் பழகியபின், கட்டுபவர் எண்களைப் பாராமலே ஒலியைக் கொண்டு வேகத்தைத் திருத்துவார். அலுவலகத்துக்கு ஏற்றப்பட்டதாகக் கருதப்பட்ட அறிவு, செவியின் வழியே மீண்டும் பட்டறைக்குள் நுழையும் இடம் இதுவே. இங்கு வரைபவரும் எண்ணாக்குபவரும் பொறியருகே நிற்பவரும் ஒருவரே.

இப்பொறிக்கு வேறு பொறிகளுக்கு எளிதில் வாய்க்காத இயல்பொன்றும் உண்டு; அது தன்னைத் தானே திருத்தவல்லது. மரநாரை அழுத்திச் செய்த பலகையொன்றை மேசையாகப் பரப்பி, அதன் முகம் முழுவதையும் மெல்லியதாகச் சீவுமாறு கட்டளையிட்டால், மேசை பொறியின் ஓட்டத்துக்கு ஒப்ப மட்டமாகிவிடும். பலர் முதலில் ஒட்டுப்பலகையாற் பொறியொன்றைக் கட்டி, அதனைக் கொண்டே அடுத்த பொறியின் உறுப்புகளைத் திருத்தமாக வெட்டிக்கொள்வர்.

எனினும், மலிவான இப்பொறிகளுட் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணில்லை. படிப்படியாகச் சுழலும் மோட்டருக்கு ஒரு சுற்றில் 200 படிகள்; சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்தும் தண்டாயின் ஒரு படி 0.025 மில்லிமீற்றர். கட்டளை இத்தனை படியென்று செல்கின்றது. அத்தனை படியும் நடந்தனவா என்று கேட்பார் இல்லை. மரக்கணு ஒன்றில் அலகு சிக்கி மோட்டர் பத்துப் படிகளைத் தவறவிட்டாலும், கணினி தான் நினைத்த இடத்திலேயே இருப்பதாக எண்ணி வெட்டிக்கொண்டே போகும். ஆகவேதான் பழகியவர் எவரும் ஓடும் பொறியை விட்டகல்வதில்லை. சிவப்பு நிறுத்தற்பொத்தானுக்கு எட்டிய தூரத்தில், காதைக் கொடுத்தபடி நிற்பர்.