வெயிலில் வெளுக்கும் நீலம்

நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை எழுந்தது. உழவர் எதிர்பார்த்தது பாசனநீர். தேங்கியதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர். 2011இல் அப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எத்தனை முறை துவைத்தாலும் துணியை விட்டு நீங்காதிருக்கவே உருவாக்கப்பட்ட சாயம், ஆற்றிலிருந்து மட்டும் எளிதில் நீங்கிவிடுமா?

அதனைச் சிதைக்க ஆய்வாளர் நாடும் பொருள்களுள் ஒன்று, சுவர்ப்பூச்சுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளி படும்போது அது நீரைப் பிளக்கும் என்பதை ஜப்பானிய அறிஞர்கள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் உலகறியச் செய்தனர். ஒளியாற்றல் அப்பொருளின் எலக்ட்ரானை மேலெழுப்புகிறது. எலக்ட்ரான் நீங்கிய இடம் ‘துளை’ எனப்படும். துளை நீரிலிருந்து ஹைட்ராக்சில் உறுப்பைத் தோற்றுவிக்க, அது சாய மூலக்கூறைத் தாக்கித் துண்டாடுகிறது. ஆயினும் எலக்ட்ரானும் துளையும் நொடியின் மிகச்சிறு கூற்றில் மீண்டும் கூடி வீணாகக்கூடும். துகள் சிறுத்தால் அவை மேற்பரப்பை அடையும் வழி குறுகும். 30 நானோமீட்டர் துகள்களாலான ஒரு கிராம் பொடி ஏறத்தாழ 50 சதுர மீட்டர் பரப்பை விரித்து வைக்கிறது. ஒரு சிறு வீட்டின் தரையளவு!

பொடியாக்கும் பணிக்குப் பொறுமை வேண்டும். ஆல்கஹாலில் கரைத்த டைட்டானியம் ஐசோபுரோபாக்சைடில் நீரைத் துளித்துளியாக விடவேண்டும், அவசரப்பட்டால் கட்டிதட்டிவிடும். உருவாகும் கூழை உலர்த்தி, உலையில் 450 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுவர். வெப்பம் மிகுந்தால் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பருத்து, அரும்பாடுபட்டுப் பெற்ற பரப்பு போய்விடும்.

பின்னர்ச் சோதனை. மெத்திலின் நீலக் கரைசலில் பொடியைக் கலந்து முதலில் இருளில் வைப்பர். நிறம் துகளில் ஒட்டிக்கொண்டதைச் சிதைந்ததாக எண்ணி ஏமாறாதிருக்கவே இந்த முன்னெச்சரிக்கை. பிறகு ஒளியில் வைக்க, நீலம் மெல்ல வெளுக்கும். கண்ணுக்கு இனிய காட்சிதான்; ஆனால் கண் நல்ல சாட்சி அன்று. நிறமிழந்த துண்டுகள் நீரில் எஞ்சலாம். சில சாயங்களின் துண்டுகள் சாயத்தினும் நஞ்சானவை. எனவே எஞ்சிய கரிமத்தையும் அளந்த பின்னரே நேர்மையான ஆய்வாளர் முடிவு கூறுவார்.

இப்பொடி பயன்கொள்வது புற ஊதாக் கதிரை மட்டுமே. அது ஞாயிற்றொளியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. நைட்ரஜன் சேர்த்துக் கட்புலனாகும் ஒளியையும் ஏற்கச் செய்யும் முயற்சிகள் தொடர்கின்றன. கலந்த நுண்பொடியை நீரிலிருந்து மீட்பதும் எளிதன்று. ஆதலால் கண்ணாடியிலோ மணியிலோ பூசிப் பார்க்கின்றனர். சாயம் துணியில் ஏறுவதற்காக அள்ளிக் கொட்டப்படும் உப்பும் அக்கழிவில் உண்டு. அதை எந்த ஒளிவினையூக்கியும் சிதைக்காது. சவ்வின் வழியே அழுத்திப் பிரித்தும், எஞ்சியதைக் கொதிக்கவைத்து வற்றச் செய்துமே அதை நீக்க இயலும்.