குன்னூர்க் கொல்லையில் ஒரு மரம்

மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏறிய மலை ரயில், பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மூச்சிரைக்க மேலேறி, பகல் பத்தரை மணி சுமாருக்கு நம்மைக் குன்னூரில் இறக்கிவிட்டது. இந்த ஊருக்கு 1899-ஆம் வருஷத்திலிருந்து ரயில் வந்துகொண்டிருக்கிறது. நீலகிரிக்கு வருகிறவர்கள் சிம்ஸ் பூங்காவைப் பார்ப்பார்கள். உதகமண்டலத்தில் 1848-ல் மக்ஐவர் துரை உருவாக்கத் தொடங்கிய தாவரத் தோட்டத்தைப் பார்ப்பார்கள். வர்க்கி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். நாமும் அந்த உத்தேசத்துடன்தான் சென்றோம். ஆனால் இம்முறை நம் மனத்தைப் பிடித்துக்கொண்டது, நாம் தங்கியிருந்த நண்பர் வீட்டுக் கொல்லையில் நின்ற ஒரே ஒரு மரம்.

அது சில்வர் ஓக் மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, தேயிலைச் செடிகளுக்கு நிழல் தருவதற்காக இந்த மலையெங்கும் குடியேறிய ஜாதி. நண்பருடைய தகப்பனார் வீடு கட்டிய வருஷத்தில் நட்டது. இன்று அவர் இல்லை; மரம் இருக்கிறது. அதன் அடியில்தான் பேரக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். சென்ற மழைக்குப் பிறகு அடிமரத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே, பலகைபோல் ஒரு காளான் தோன்றியிருந்தது. மேலே மெருகு பூசினாற்போலப் பளபளப்பு, கீழே வெண்மை.

"அதைத்தான் பெயர்த்து எறிந்துவிட்டோமே! இன்னும் என்ன பயம்?" என்றார் நண்பரின் தாயார்.

"மறுபடியும் முளைத்திருக்கிறதே, அத்தை!" என்றார் மருமகள்.

நண்பர் இருவருக்கும் நடுவில் விழித்தார். கடைசியில், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு முதிய மேஸ்திரியை அழைத்து வந்தார்கள். நாம் எல்லாரும் அண்ணாந்து பச்சைக் கிளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் மட்டும் குனிந்து தரையைப் பார்த்தார்.

"மேலே பார்த்தால் மரம் பொய் சொல்லும், சாமி. கீழேதான் பார்க்க வேண்டும்" என்றார்.

களைக்கொத்தினால் மண்ணை விலக்கினார். வீட்டுக்கு எதிர்ப்புறத்து வேர் கெட்டியாக இருந்தது. வீட்டுப் பக்கத்து வேரின் பட்டையோ கையோடு வந்துவிட்டது. உள்ளே வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து, கட்டை நனைந்த பஞ்சைப்போல் இருந்தது.

மேஸ்திரி சொன்னது சாஸ்திரத்துக்கும் ஒத்ததே. நாம் வெளியே காணும் காளான் நோயன்று; நோயின் பழம். அதன் உடல் நூலிழைகளாக வேருக்குள்ளும் கட்டைக்குள்ளும் வெகு காலமாகப் பரவியிருக்கும். பழத்தைப் பறித்தால் கொடி சாகுமா? இலைகளுக்கு நீர் ஏறுவது வெளிக் கட்டையின் வழியாக. ஆகவே வயிறு குழிந்த மரமும் தலையில் பச்சையாகவே நிற்கும். அமெரிக்காவில் ஒரெகன் மாகாணத்துக் காடு ஒன்றில், மரவேர்களைத் தின்னும் ஒரே ஒரு பூஞ்சணம் 900 ஹெக்டேருக்கு மேல் மண்ணுக்கடியில் பரவியிருக்கிறது. அதன் வயது ஆயிரக்கணக்கான வருஷங்கள் என்று கணித்திருக்கிறார்கள்.

நம் சமவெளியும் இதற்கு விலக்கல்ல. தஞ்சை ஜில்லாவில் 1952-ஆம் வருஷத்துப் புயலுக்குப் பிறகு தென்னைகளில் காணப்பட்டு, 'தஞ்சாவூர் வாடல்' என்று பெயர் பெற்ற நோய் இந்தக் காளான் வர்க்கத்தின் வேலைதான்.

இந்த விஷயத்தில் தேயிலைத் தோட்டக்காரர்களுக்கு நெடுநாள் அனுபவம் உண்டு. இலங்கைப் பேராதனையில் பணியாற்றிய பெட்ச் என்ற நிபுணர், தேயிலைச் செடியின் நோய்களைப் பற்றி 1923-லேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். வெட்டிய நிழல்மரத்தின் அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டுவிட்டால், பூஞ்சணம் அதில் குடியேறி, வேரோடு வேர் உரசும் இடங்களில் பக்கத்துச் செடிக்குத் தாவுகிறது. அதனால், நோய் கண்ட இடத்தைச் சுற்றிச் சுமார் நான்கடி ஆழத்துக்கு அகழி வெட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் வேர்களைத் துண்டு விடாமல் பொறுக்கி எரிக்கிறார்கள். இரண்டு வருஷம் அங்கே புல் மாத்திரம் வளர்த்து, அதன் பிறகே புதுச் செடி வைக்கிறார்கள்.

இன்னொரு யுக்தியும் உண்டு. நிழல்மரத்தை வெட்டுவதற்கு வெகு முன்பே அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்துவிடுவார்கள். இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழி அடைபட்டால், வேர் தன் சேமிப்பைத் தானே தின்று தீர்த்துவிடும். பிற்பாடு காளானுக்கு மிஞ்சுவது சக்கைதான்.

"இங்கேயும் அப்படிச் செய்யலாமே?" என்று கேட்டோம்.

"தோட்டத்துக்கு அது சரி. வீட்டு ஓரத்தில் பட்டுப்போன மரத்தை நிறுத்தி வைக்கலாமா?" என்றார் மேஸ்திரி. பிறகு சமையலறைப் பக்கம் கையைக் காட்டி, "இந்தச் சிமெண்டுத் தரை எப்போது போட்டது?" என்று கேட்டார்.

நண்பர் பதில் சொல்லத் தயங்கினார். சில வருஷங்களுக்கு முன் சமையலறையை நீட்டியபோது, குறுக்கே வந்த பெரிய வேர்கள் இரண்டை வெட்டியிருந்தார்கள்; பக்கத்தில் நின்ற மற்றொரு மரத்தை வெட்டி, அதன் அடிக்கட்டைமேலேயே மண்ணைத் தள்ளிச் சிமெண்டுத் தரையும் போட்டிருந்தார்கள். காயமும் நாம் செய்தது. நோய்க்குத் தீனியும் நாம் வைத்தது. குன்னூரின் ஐப்பசி கார்த்திகை மழை மிச்ச வேலையைச் செய்துவிட்டது.

தாயார் நெடுநேரம் பேசவில்லை. உதகைக்கும் கூடலூருக்கும் இடையே, 2025 மே மாத மழையில் மரம் விழுந்து, கேரளத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த ஒரு சிறுவன் மாண்டுபோன செய்தியை அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. "அவர் நட்டது குழந்தைகளுக்காகத்தான், குழந்தைகள்மேல் விழுவதற்கு அல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் உள்ளே போய்விட்டார். மறுநாளே, 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி கோரி நண்பர் மனு எழுதினார்.

நாம் ஊர் திரும்பிய சில மாதங்களுக்குப் பின் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. மரத்தை அறுத்தபோது அடிப்பாகத்தில் நல்ல கட்டை நான்கு விரற்கடைதான் இருந்ததாம். வேர்களைத் தோண்டி எரித்துவிட்டார்கள். கொல்லையின் மறுகோடியில், நீலகிரிச் சோலைகளின் சொந்தப் பிள்ளையான காட்டுப்பூவரசங்கன்று ஒன்றைத் தாயார் தம் கையாலேயே நட்டிருக்கிறார். அதைச் சுற்றிச் சிமெண்டு போடக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு.

நேயர்கள் வீட்டுக் கொல்லையிலும் முன்னோர் வைத்த மரம் ஒன்று நிற்கலாம். அடுத்த மழை நின்றதும், ஒருமுறை குனிந்து அதன் காலடியைப் பாருங்கள்.