காதால் படிக்கும் ஊர்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள ஸியாட்டிலுக்குப் போகிறவர்கள் குடையை மறக்கக் கூடாது என்பார்கள். நல்ல முழங்காலும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஊர் முழுக்க ஏற்ற இறக்கந்தான்! 1907-ல் ஏற்பட்ட பைக் பிளேஸ் மார்க்கெட்டில் மீனையும் பூவையும் வேடிக்கை பார்த்துவிட்டு, பைக் தெருவோடு மேடேறினால், மூச்சு இரைக்கிற சமயத்தில் காபிடல் ஹில் வந்துவிடும். அங்கே பத்தாவது அவென்யூவில் இருக்கிறது எலியட் பே புத்தகக் கடை. 1973-ல் கீழே பயனியர் சதுக்கத்தில் ஆரம்பித்து, 2010-ல் தன் தேவதாரு அலமாரிகளோடு மேட்டுக்குக் குடிவந்த கடை.

என்னை அங்கே அழைத்துப் போனவர், நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள். எழுபது வயதுக்கு மேல். பழைய இடத்தில் இருந்த நாளிலிருந்து அந்தக் கடைக்கு வாடிக்கை. இப்போது பார்வை மங்கி, பத்துப் பக்கம் படித்தால் தலைவலி வந்துவிடுகிறது. ஆகவே நாவல்களைக் காதால் கேட்கிறார். செல்போனில் கதை நடக்கும். கை பாட்டுக்கு ஆப்பிள் நறுக்கும். நம் வீடுகளில் ஒருத்தி தொடர்கதையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் அப்பளம் இட்டுக்கொண்டே கேட்பார்களே, அந்தச் சுகந்தான்!

"முதலில் எனக்கு வெட்கமாயிருந்தது" என்றார் அம்மாள். "இத்தனை வருஷம் வாங்கின கடையில் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு, கதையை வேறிடத்தில் வாங்கினேன்."

வேறிடம் எது தெரியுமோ? நாங்கள் வந்த வழிக்குச் சற்று வடக்கே, உள்ளே செடிகொடி வளர்க்கும் மூன்று பிரம்மாண்டமான கண்ணாடி உருண்டைகள் நிற்கின்றன. 2018-ல் திறந்த அவை அமேஸான் கம்பெனியைச் சேர்ந்தவை. புத்தகம் விற்றுத் தொழில் தொடங்கிய அந்தக் கம்பெனி, ஒலிப் புத்தக வியாபாரத்தில் பெரியதான ஆடிபிளை 2008-ல் வாங்கிவிட்டது. காகிதப் புத்தகமென்றால் சின்னக் கடைக்காரர் அலமாரியில் அடுக்கி வைப்பார். குரலை எங்கே அடுக்குவார், பாவம்!

அதற்கும் இதே ஊரில் 2013-ல் வழி பிறந்தது. லிப்ரோ டாட் எஃப்எம் என்று பெயர். அதில் சேரும்போதே உங்களுக்குப் பிடித்த கடையைக் குறிப்பிட்டு விடலாம். மாதம் சுமார் 15 டாலருக்கு ஒரு புத்தகம். நீங்கள் வாங்குகிற ஒவ்வொன்றிலும் அந்தக் கடைக்கு ஒரு பங்கு. ஒலிக்குப் பூட்டு எதுவும் போடுவதில்லை. இறக்கி வைத்துக்கொண்டால் உங்கள் சொத்து.

கடைக்குப் போவது பங்குதான், முழுப் பணமல்ல. எதையோ தேடும்போது வேறெதுவோ கையில் சிக்கும் அதிருஷ்டமும் போனில் எனக்குக் கிட்டியதில்லை. அம்மாளுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. அலமாரி அலமாரியாகத் தடவிப் பார்த்தார். கடைப் பெண்ணிடம், "அடுத்தாற்போல் எதைக் கேட்கலாம்?" என்று விசாரித்து, அவள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பையில் பத்திரப்படுத்திக் கொண்டார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. "பஸ் எங்கே நிற்கும்?" என்று கேட்டேன். பதிலில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மாள் காதில் குமிழைச் செருகிக்கொண்டு, தமக்குள் சிரித்தபடி வந்துகொண்டிருக்கிறார்!