பெல்ட்டுக்கு எத்தனை நாள்?

திண்டுக்கல்லுக்குப் பூட்டு வாங்கப் போகிறவர்கள் தோல் ஷாப் பக்கமும் எட்டிப் பாருங்கள். கைக்குட்டை அவசியம்!

குரோம் உப்பில் போட்ட தோல் ஒரே நாளில் பதமாகி வெளிர்நீலமாக வந்துவிடும். நான் பார்த்த குழிகளிலோ பட்டைச் சாறு. அசல் டிகாக்ஷன் கலர்! முதலில் நீர்த்த சாறு, அப்புறம் கெட்டிச் சாறு, முடிவில் கடுக்காய்க் குளியல். வாரக்கணக்கில் ஆகும். ஒரு காலத்தில் எல்லாம் நம்மூர் ஆவாரம்பட்டை. பிறகு வாட்டில் பட்டை வந்து சேர்ந்தது. இந்த 'ஈ.ஐ. லெதரு'க்குப் புவிசார் குறியீடுகூட உண்டு.

"அப்ப மாசே கிடையாதுன்னு சொல்லுங்க பாய்!"

பெரியவர் சிரித்தார். "குரோமியம் இல்ல தம்பி. பச்சைத் தோல் கெடாம இருக்க உப்பு போட்டுத்தானே வருது? முடி எடுக்கச் சுண்ணாம்பு வேற. அந்தத் தண்ணியைச் சுத்தம் பண்ணாம விட்டா கிணறு கரிக்கத்தான் செய்யும்."

குரோமா, பட்டையா என்று கண்டுபிடிக்கவும் சொல்லிக் கொடுத்தார். சாயம் ஏறாத வெட்டு ஓரத்தைப் பார்க்க வேண்டும். நீலச்சாம்பல் என்றால் குரோம். பழுப்பு என்றால் பட்டை.

என் பெல்ட்டைக் கழற்றிக் காட்டினேன்.

"இது ரெக்ஸின் தம்பி!"