சார் இல்லையா மேடம்?

நெட் போனால் நம் வீடுகளில் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். "நெட் வரலையே" என்று சொல்வது பெண்ணின் குரல். எழுந்து போய் ரவுட்டரை அணைத்துப் போடுவது ஆணின் கை. அவர் வெளியூர் போயிருந்தால் அவர் வரவேண்டும், இல்லையென்றால் கல்லூரி விட்டு மகன் வரவேண்டும். சரிபார்க்க வரும் பையன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறான்: "சார் இல்லையா மேடம்?" கேஸ் அடுப்பு பழுதுபார்க்க வருகிறவர் இப்படிக் கேட்பதில்லை. மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாலும் யாரும் கேட்பதில்லை. வீட்டுப் பொருள்களில் எது யாருடையது என்பது எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம். மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு வரை சிங்கப்பூரிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லித் தருகிறேன். ஒரு வகுப்புக்கு 400 ரூபாய். பாதியில் அறுந்துபோன வகுப்புக்குப் பணம் கிடையாது. ஒரே பிள்ளைக்கு மாதத்தில் மூன்று வகுப்பு அறுந்தால், அந்தப் பிள்ளையை வேறு ஆசிரியரிடம் மாற்றிவிடுவார்கள். அப்படி இரண்டு பிள்ளைகள் என்னிடமிருந்து போனார்கள். ஆறரை மணி ஆனால் என் குரல் விட்டு விட்டுக் கேட்கும், படம் உறைந்து நிற்கும்.

இதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "உன் லேப்டாப் பழசு" என்றார் இணையர். "நீ கிச்சன் பக்கத்துல உக்காந்தா எப்படிம்மா சிக்னல் வரும்?" என்றான் மகன். "அந்த நேரத்துல எல்லாரும் சீரியல் பார்ப்பாங்க, அதான்" என்றார் மாமியார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஒருவரும் எழுந்துபோய்ச் சோதித்துப் பார்க்கவில்லை. அவர்களுடைய வேலை அறுந்துபோகவில்லையே!

மகன் சொன்னதை மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் ஏன் சமையலறைக்குப் பக்கத்தில் உட்கார்கிறேன்? 2013-ல் வீடு கட்டியபோது லேன் பாயின்ட் எங்கெங்கே வேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் கேட்டார். ஹாலில் டிவிக்கு ஒன்று, இணையரின் அறையில் ஒன்று, பையனின் படிப்பறையில் ஒன்று என்று முடிவானது. அந்தப் பேச்சு நடந்தபோது நான் அங்கேதான் இருந்தேன், எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டு. எனக்கென்று வீட்டில் ஓர் இருக்கை இருக்கும் என்பது யார் கணக்கிலும் வரவில்லை. ரவுட்டர் இணையரின் அறையில், மாடிப்படிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் வகுப்பெடுப்பது சாப்பாட்டு மேசையில். குக்கர் விசில் எண்ண வசதியான இடம் அதுதான். ஒரு வீட்டின் ஒயரிங்கைப் பார்த்தால், அந்த வீட்டில் யாருக்கு வேலை உண்டு என்று நினைத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதத்தை எடுத்துவைத்துப் படம் போட்டேன். தெருவிலிருந்து வரும் ஃபைபர் கம்பி, அது வந்து சேரும் பெட்டி, ரவுட்டர், அங்கிருந்து காற்றில் வரும் வழி, கடைசியில் என் லேப்டாப். கணக்கு டீச்சருக்குத் தெரிந்த முறைதான் இது: பிரச்சினையை இரண்டாக வெட்டு, எந்தப் பாதி சரி என்று பார், மிச்சத்தை மறுபடி வெட்டு.

முதல் வெட்டு: கோளாறு வீட்டுக்கு வெளியேயா, உள்ளேயா? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ரவுட்டரில் ஒரு சின்ன கேபிளால் நேராகச் செருகினேன். 192.168.1.1 என்ற ரவுட்டர் முகவரிக்கு ஒரு பிங், 8.8.8.8 என்ற வெளியுலக முகவரிக்கு இன்னொரு பிங். பிங் என்பது சின்னதாக ஒரு "இருக்கியா?" கேட்டு, பதில் வர எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று எண்ணுவது. மாலை ஆறரை மணிக்கே வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் ஒரு பதில்கூடத் தவறவில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பு சரி. "பழைய" லேப்டாப்பும் சரி.

இரண்டாவது வெட்டு: அதே சோதனை, சாப்பாட்டு மேசையில், வைஃபையில். இப்போது ரவுட்டருக்கு அனுப்பிய பிங்கே தடுமாறியது. அறைக்கு அறை போகவேண்டிய செய்தியே தவறுகிறது என்றால், தெருவிலிருக்கும் கம்பியைக் குறை சொல்லி என்ன பயன்? கோளாறு காற்றில்.

காற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அந்த மேசையிலிருந்து என் போனில் தெரிந்த வைஃபை பெயர்கள் 27. அடுக்குமாடிகள் நெருக்கியடித்து நிற்கும் நம் புறநகரில் இது சாதாரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பியதும் அந்த மூன்று பாதைகளில் தெருவே நெரிகிறது. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் ஏறக்குறைய அதே 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். மாமியாரின் ஆறரை மணிப் பால் சூடாகும்போதெல்லாம் சிங்கப்பூரில் என் முகம் உறைந்திருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நெரிசல் குறையும். ஆனால் அது சுவரைத் தாண்டுவதில் இன்னும் பலவீனம். எனக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இரண்டு ஒன்பது அங்குலச் சுவர்களும் ஒரு ஃபிரிட்ஜும் இருக்கின்றன. ஆகவே எனக்குத் தேவை கம்பி.

கம்பி சுவருக்குள் ஏற்கெனவே இருந்தது. இணையரின் அறையிலிருந்து ஹால் டிவிக்குப் போட்டது. என் மேசைக்கு ஆறடி தூரம். ஆனால் செருகினால் உயிர் இல்லை. லேப்டாப் 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைக் காட்டியது. ரவுட்டர் முகவரி கொடுக்காதபோது கணினி தானே வைத்துக்கொள்ளும் எண் அது. உங்கள் கணினியில் அதைப் பார்த்தால், சிக்கல் வெளி இணையத்தில் இல்லை, ரவுட்டருக்கும் உங்களுக்கும் நடுவில் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தாம்பரத்தில் ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போனேன். கிரிம்பிங் கருவி, ஆர்ஜே45 பிளக் பத்து, ஒரு கேபிள் டெஸ்டர். கடைக்காரர் நல்ல மனிதர். "எதுக்கும் சார்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு வாங்கிக்கங்களேன்மா" என்றார். கேட்காமலே வாங்கினேன்.

அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். வரிசை இதுதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. நூறு எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். அதற்கு மேல் கிகாபிட் வேண்டுமென்றால் எட்டும் உயிரோடு இருக்கவேண்டும். டெஸ்டரை மாட்டியபோது மூன்றாவது விளக்கு எரியவில்லை. டிவி பக்கத்து பிளக்கில் வெள்ளை பச்சை சரியாக உட்காரவே இல்லை. வெட்டி, தோலை உரித்து, வரிசைப்படுத்தி, புது பிளக்கில் நுழைத்து அழுத்தினேன். 1, 2, 3 என்று எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன.

மாமியாருக்கு ஒரே சந்தோஷம். "பூக்கட்டற கை இல்ல, அதான் வந்துடுச்சு" என்றார். அன்பில் சொன்னதுதான். ஆனால் விளக்கு எரிந்தது நான் பூக்கட்டுவதால் இல்லை, வரிசை சரியாக இருந்ததால். பெண்களின் "மென்மையான விரல்" என்ற பேச்சு நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. சானடோரியத்தில் 1984-ல் தொடங்கிய மெப்ஸ் வளாகத்தின் ஆலைகளுக்குப் பெண்கள் சாரிசாரியாகப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கி 2014-ல் மூடிய நோக்கியா ஆலையில் போன்களைச் செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். விரல் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஆனால் அதே பெண் வீட்டுக்கு வந்து ரவுட்டரின் பின்பக்கத்தைத் தொட்டால், "எதையாவது கிளறி வைக்காதே."

அடுத்த வாரம் வீடு முழுக்க நெட் செத்தது. என் மேசைக்கும் டிவிக்கும் பிரித்துக்கொடுக்க ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருந்தேன். அதன் விளக்குகள் எல்லாம் ஒரேயடியாகப் படபடத்துக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தால், ஒரு கேபிளின் இரண்டு முனைகளும் அதே ஸ்விட்சில். ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்ததாம். ஒழுங்காக இருக்கட்டும் என்று இணையர் காலியாக இருந்த துளையில் செருகியிருக்கிறார்.

வீட்டுக் கருவிகள் அடிக்கடி "இந்த முகவரி யாருடையது?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கும். ஸ்விட்ச் அதை எல்லாத் துளைகளுக்கும் நகலெடுத்து அனுப்பும். கேபிள் வட்டமாகிவிட்டால் வெளியே போன செய்தி பக்கத்துத் துளை வழியாக உள்ளே வரும், மறுபடி நகலாகும், மறுபடி வரும். நிற்காத அந்தக் கூச்சலில் வேறு எதற்கும் இடமிருக்காது. பெரிய நிறுவனங்களின் ஸ்விட்சுகள் இப்படி மாட்டிக்கொள்வதில்லை. வட்டத்தைத் தாமே கண்டுபிடித்து ஒரு பாதையை அடைத்துவிடும். அந்த முறையை 1985-ல் வகுத்தவர் ராடியா பெர்ல்மன் என்ற பெண். ஸ்பானிங் ட்ரீ என்று அதற்குப் பெயர். அவரை "இணையத்தின் தாய்" என்று பத்திரிகைகள் அழைக்கின்றன. அந்தப் பட்டம் அவருக்கே பிடிக்காது. எங்கள் வீட்டுச் சின்ன ஸ்விட்சில் அந்த வசதி இல்லை. ஒரு முனையை உருவினேன், நெட் வந்தது.

"தெரியாம பண்ணிட்டேன்" என்றார் இணையர். "பரவாயில்ல, யாருக்குத்தான் தெரியும்" என்றார் மாமியார். அதோடு முடிந்தது. நான் செருகியிருந்தால்? "தொடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்பதில் தொடங்கி அந்தக் கதை பொங்கல் வரைக்கும் ஓடியிருக்கும். தொழில்நுட்பம் என்பது தவறு செய்து செய்து கற்பது. தவறு செய்ய அனுமதி இருப்பவருக்குத்தான் அது வசப்படும். பெண்களுக்கு மறுக்கப்படுவது கருவி இல்லை. கருவியோடு தவறு செய்யும் உரிமை.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-21, நாடு முழுக்க ஒரு கேள்வி கேட்டது: ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? ஆம் என்ற பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். அதே 2019-ல் கேரளத்தில் ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி, மகளிர் விடுதியில் மாலை ஆறு முதல் பத்து வரை போனை ஒப்படைக்கவேண்டும் என்ற விதியை ஏற்காததால் வெளியேற்றப்பட்டார். அவர் உயர்நீதிமன்றம் போனார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு விடுதி வாசலோடு நின்றுவிடக் கூடாது. வீட்டுக்குள்ளும் அது வரவேண்டும்.

ஏனென்றால் கடைசி முடிச்சு வீட்டுக்குள்தான் இருந்தது. மழைக்காலத்தில் ஒருநாள் பெட்டியில் சிவப்பு விளக்கு. ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். தெருமுனையில் சாலை தோண்டியிருந்தார்கள். இது நான் கிரிம்ப் செய்து தீர்க்கக்கூடியது இல்லை. சேவை மையத்தை அழைத்தேன். எந்த விளக்கு, எப்போதிலிருந்து, எங்கே தோண்டியிருக்கிறார்கள் என்று எல்லாம் சொன்னேன். "பதிவு பண்ணின நம்பர்லேர்ந்து கூப்பிடுங்க மேடம்" என்றார் அந்தப் பக்கம் ஒரு பெண். ஓடிபி இணையரின் போனுக்குப் போகும். அவர் சிறுசேரியில் மீட்டிங்கில். மாதாமாதம் பில் கட்டுவது என் கணக்கிலிருந்து. ஆனால் புகார் கொடுக்க என் குரல் செல்லாது.

பெயர் மாற்ற மூன்று வாரம் ஆனது. இப்போது இணைப்பு என் பெயரில், என் எண்ணில் இருக்கிறது. ரவுட்டரின் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற படத்தோடு ஹால் அலமாரியில் வைத்திருக்கிறேன். வீட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அறிவை ஒருவர் பூட்டிவைத்திருந்த இடத்தில் இன்னொருவர் போய்ப் பூட்டுவதற்காக இதையெல்லாம் கற்கவில்லை.

நீங்களும் ஒரு காகிதத்தில் உங்கள் வீட்டின் படத்தைப் போட்டுப் பாருங்கள். பெட்டி எங்கே, ரவுட்டர் எங்கே, கம்பி எதுவரை போகிறது, நீங்கள் உட்காரும் இடம் எங்கே. படத்தின் மூலையில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், இணைப்பு யார் பெயரில். கோளாறு எங்கே தொடங்குகிறது என்று தேட அந்த இரண்டு வரிகளும் உதவும்.