பாறைமேல் ஒரு படப் புத்தகம்

மாமல்லபுரத்துக்கு நீங்கள் எத்தனை தடவை போயிருப்பீர்களோ! கடற்கரைக் கோவில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பது போல ஒரு போட்டோ, பிறகு சங்கு மாலை, வீடு. நானும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தேன். போன மாதம் போனது வேறு காரியமாக. ஏழு வயதுப் பேத்திக்குக் குடிமைப் பாடம் சொல்லித் தரப் போனேன்!

சிரிக்காதீர்கள். குடிமைப் பாடம் என்றால் நமக்கு நினைவிருப்பது என்ன? ஜனாதிபதிக்கு எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும், ராஜ்ய சபைக்கு எத்தனை அங்கத்தினர்கள்? பரீட்சை முடிந்த மறுநாளே எல்லாம் மறந்தாயிற்று. பேத்திக்கு அந்தச் சிரமம் வேண்டாமென்று ஒரு படப் புத்தகம் வாங்கினேன். எழுதியவர் லீலா சேத். 1991-ல் ஹிமாசலப் பிரதேசத்தில் பதவி ஏற்று, மாநில உயர் நீதிமன்றம் ஒன்றுக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண்மணி அவர்தான். அரசியல் சாசனத்தின் முகவுரையைக் குழந்தைகளுக்காக விளக்கி 2010-ல் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார்; படங்கள் பிந்தியா தாப்பர். இங்கிலீஷ் புத்தகம்தான். நான் படத்தைக் காட்டித் தமிழில் கதையாகச் சொல்வேன். முகவுரையில் 'நாம்' என்று ஒரு வார்த்தை வருகிறதல்லவா? அதைத் தாண்டவே எங்களுக்கு மூன்று ராத்திரி ஆயிற்று. "நாம்னா யார் யார் பாட்டி? தாத்தா உண்டா? பக்கத்து வீட்டு நாய் உண்டா?"

இதற்கும் மாமல்லபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கேளுங்கள். நம் அரசியல் சாசனமே ஒரு படப் புத்தகம்! இங்கிலீஷ் மூலப் பிரதியை அச்சடிக்கவில்லை. பிரேம் பிஹாரி நாராயண் ரைஜாதா என்பவர் முத்து முத்தாகக் கையாலேயே எழுதினார். கூலி வேண்டாம், பக்கத்துக்குப் பக்கம் என் பெயர் இருந்தால் போதும் என்றாராம். சாந்திநிகேதனத்து நந்தலால் போஸும் அவருடைய சிஷ்யர்களும் சித்திரம் தீட்டினார்கள். 22 பகுதிகள், ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு படம். மொகஞ்சதாரோ காளையில் ஆரம்பித்து, புத்தர், அசோகர், அக்பர், ஜான்சி ராணி, காந்திஜி என்று போய்ச் சமுத்திரத்தில் முடிகிறது. மூலப் பிரதி டில்லியில், பாராளுமன்ற நூலகத்தில், நைட்ரஜன் வாயு நிரப்பிய பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

அதில் 13-ம் பகுதியின் படம் நம் மாமல்லபுரத்துப் பாறை. அந்தப் பகுதி எதைப் பற்றியது தெரியுமோ? நாட்டுக்குள்ளே வியாபாரமும் போக்குவரத்தும்! ஆகாச கங்கை பூமிக்கு இறங்குவதற்கும் அதற்கும் என்ன பொருத்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். சித்திரக்காரர்கள் மேலே நம் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். சட்டம் அது பாட்டுக்குக் கீழே போகிறது.

அந்தப் படத்தின் நகலையும் புளியோதரைப் பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு திருவான்மியூரில் பஸ் ஏறினோம். பேத்திக்குத் துணையாக, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவளின் பெண்ணும் வந்தாள். எட்டு வயது. ஜன்னலோர இடத்தை இரண்டும் மாற்றி மாற்றிப் பங்கு போட்டுக்கொண்டன.

பாறையின் எதிரே நின்றதும் நகலும் வேண்டியிருக்கவில்லை, நானும் வேண்டியிருக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம். ஏறக்குறைய நூறடி நீளம். தவம் செய்பவர் அர்ஜுனனா, பகீரதனா என்று பெரியவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். குழந்தைகளுக்கு அந்தக் கவலை உண்டா? பெரிய யானையின் காலடியில் குட்டிகளைக் கண்டார்கள். நடுப்பிளவில் நாகங்களைக் கண்டார்கள். அப்புறம் பூனையைக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்த தடவை போனால் நீங்களும் தேடிப் பாருங்கள். யானையின் பக்கத்தில், முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி, பின்னங்காலில் நின்று தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள்! மகாபாரதத்தில் வரும் கபட சந்நியாசிப் பூனையின் கதையைச் சொன்னேன்.

"ஓட்டுக் கேக்க வர மாமா மாதிரியே கும்பிடறது!" என்று பேத்தி கைகொட்டிச் சிரித்தாள்.

மற்றவள் சிரிக்கவில்லை. "எலிங்க நம்பிடுச்சே. அதுங்ககிட்ட யாரு போய் சொல்றது?" என்றாள்.

பதில் சொல்லத் தெரியாமல், "பசிக்கிறதா?" என்றேன்.

மர நிழலில் உட்கார்ந்தோம். புளியோதரை ஆயிற்று. பிளாஸ்கில் பால் தூக்கலாகக் கலந்த காப்பி. பையிலிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளரும் ஒரு பேப்பர் கப்பும் எடுத்தேன். காலையில் பையில் வைத்தபோது நான் எதையும் யோசிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கை அதுவாகவே எடுத்து வைத்தது.

"இவளுக்கு மட்டும் ஏன் பேப்பர் கப், பாட்டி?"

"அது புதுசு கண்ணு. சுத்தம்."

"அப்போ எனக்கும் புதுசு கொடு."

ஒன்றுதான் இருந்தது. அடிப்படை உரிமைகளில் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று போன வாரம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். முகம் சுட்டது. பேப்பர் கப்பை நான் எடுத்துக்கொண்டு, என் டம்ளரில் காப்பியை ஊற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

குடித்து முடித்ததும் குழாயடிக்குப் போய், அந்த டம்ளரை இரண்டு தடவை கழுவிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். பேத்தி தன் டம்ளரைப் புல்லிலேயே போட்டுவிட்டுப் பூனையைப் பார்க்க மறுபடி ஓடிவிட்டாள்.